"மகிழ்ச்சி நாடு" என்று எழுதுவதற்கு முன்: பூட்டான் வரலாறு, ஆசிரியர்க்கும் தேர்வு மாணவர்க்கும்



அரையாண்டுத் தேர்வுக்கு முன் என் படிவம் 5 மாணவர்களுக்கு, 'மகிழ்ச்சியான வாழ்வுக்குப் பணம் மட்டும் போதுமா?' என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: 'உலகிலேயே மிகவும் மகிழ்ச்சியான நாடு பூட்டான் ஆகும்.' எண்ணிப் பார்த்தேன், பதினான்கு தாள்கள். யாரைக் கோபித்துக்கொள்வது? மூன்று வருடத்துக்கு முன் அந்த வரியைக் குறிப்புத்தாளில் அச்சடித்துக் கொடுத்ததே நான்தான்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான். "டீச்சர், அவ்வளவு சந்தோஷமான நாடுன்னா, அங்கேருந்து ஏன் லட்சம் பேர் அகதியாப் போனாங்க?" கைப்பேசியில் எங்கோ படித்திருக்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்பா" என்று சமாளித்துவிட்டுப் படிக்கத் தொடங்கினேன். அந்த ஒரு வாரம் இரண்டு மாதமாகிவிட்டது. படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். மாணவர்களே, நீளமாக இருக்கிறதே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். கட்டுரையில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் இடத்தைப் பிடித்துக்கொள்வோம். பூட்டான் இமயமலையின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. வடக்கே திபெத், மற்ற மூன்று பக்கமும் இந்தியா. கடல் கிடையாது. பரப்பளவு ஏறத்தாழ 38,000 சதுரக் கிலோமீட்டர். நம் பகாங் மாநிலத்தைவிடச் சற்றே பெரியது. 2017 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 727,000. பகாங் அளவு இடத்தில் இவ்வளவுதான் ஆட்கள். ஒரு பக்கம் சீனா, மறுபக்கம் இந்தியா, நடுவே இந்த ஏழு லட்சம் பேர். இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். இந்த நாட்டின் வரலாற்றில் நடந்த பெரும்பாலான காரியங்களுக்குப் பின்னால் 'நாம் சிறியவர்கள், விழுங்கப்பட்டுவிடுவோமோ' என்ற பயம் இருக்கிறது. நல்ல காரியங்களுக்கும் அதுதான் காரணம், கெட்ட காரியங்களுக்கும் அதுதான்.

தப்பி வந்தவர் கட்டிய நாடு

புத்த சமயம் அங்கே போனது மிகப் பழைய செய்தி. பாரோவிலுள்ள கிச்சு கோயிலையும் பும்தாங்கிலுள்ள ஜம்பே கோயிலையும் 7ஆம் நூற்றாண்டில் திபெத்திய மன்னர் சோங்சென் காம்போ கட்டினார் என்பது மரபு. 8ஆம் நூற்றாண்டில் பத்மசம்பவர் வந்தார். இவரைத்தான் பூட்டானியர் 'குரு ரின்போச்சே' என்று வணங்குகிறார்கள். பெண்புலி மீதேறிப் பறந்துவந்து செங்குத்தான பாறைக் குகையில் தவமிருந்தார் என்று ஒரு கதை உண்டு. படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் தக்சாங் மடம், அதாவது புலிக்குகை மடம், அந்தப் பாறையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. மடம் கட்டப்பட்டது 1692இல். 1998இல் தீப்பிடித்து எரிந்தது; திரும்பக் கட்டினார்கள்.

ஆனால் சமயம் ஒன்றாக இருந்ததே தவிர, நாடு என்று ஒன்று அப்போது இல்லை. ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஒரு தனி உலகம். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு மலையையே ஏறி இறங்க வேண்டும். பேசும் மொழியும் மாறிவிடும். இந்தத் துண்டுகளைச் சேர்த்து நாடாக்கியவர் ஒரு துறவி. அதுவும் திபெத்திலிருந்து உயிருக்குப் பயந்து தப்பி வந்தவர். அவர் பெயர் ஙவாங் நம்கியால்.

இங்கே தமிழாசிரியர்களுக்காக ஒரு சின்ன இடைச்செருகல். 'ங' எழுத்தில் தொடங்கும் சொல் உண்டா என்று ஒவ்வொரு வருடமும் எவனாவது ஒருவன் கேட்பான். அங்ஙனம், இங்ஙனம் என்று ஒட்டிவரும் 'ஙனம்' தவிர நம்மிடம் வேறு கிடையாது. திபெத்திய மொழியிலோ 'ங' சர்வசாதாரணமாகச் சொல்லின் முதலில் வரும். ஆங்கிலத்தில் இந்தப் பெயரை எழுதுகிறவர்கள் இரண்டு எழுத்தைச் சேர்த்துத் திண்டாடுகிறார்கள். தமிழில் அந்த ஒலிக்கென்றே தனி எழுத்து இருக்கிறது. அடுத்த முறை அந்தக் கேள்வி வந்தால் இந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

ஙவாங் நம்கியால் 1594இல் பிறந்தவர். 'துருக்பா' என்ற புத்தப் பிரிவின் தலைமை மடமான ராலுங்கைச் சேர்ந்தவர். முந்தைய தலைவரின் மறுபிறவி இவர்தான் என்று ஒரு தரப்பு சொன்னது. இல்லை, வேறொரு பிள்ளைதான் என்றது இன்னொரு தரப்பு. அந்த இன்னொரு தரப்புக்கு அப்பகுதி ஆட்சியாளரின் ஆதரவு இருந்தது. ஆகவே 1616இல் தம் இருபத்திரண்டாம் வயதில் இவர் தெற்கே மலையிறங்கி வந்துவிட்டார். வந்தவரைத் திபெத் சும்மா விடவில்லை. பலமுறை படை அனுப்பியது. ஒவ்வொரு தடவையும் பள்ளத்தாக்கு மக்களைத் திரட்டி அதை முறியடித்தார். உள்ளூரிலும் இவரை ஏற்காத மடங்கள் எதிர்த்தன, அவற்றையும் அடக்கினார். மக்கள் இவரை 'ஷப்துருங்' என்று அழைத்தார்கள். யாருடைய காலடியில் பணிகிறோமோ அவர் என்று பொருள்.

அவர் விட்டுப்போனவற்றில் இன்றும் கண்ணுக்குத் தெரிவது 'சோங்' என்ற கோட்டைகள். 1629இல் சிம்தோக்கா, 1637இல் புனாக்கா. பாதி கோட்டை, பாதி மடம். ஒரே சுற்றுச்சுவருக்குள் ஒரு பக்கம் துறவிகள் ஓதிக்கொண்டிருப்பார்கள், மறுபக்கம் அதிகாரிகள் வரிக்கணக்குப் பார்ப்பார்கள். ஆட்சியையும் அப்படியே இரண்டாகப் பிரித்தார். சமயத்துக்கு 'ஜே கென்போ' என்ற தலைமைத் துறவி, நிர்வாகத்துக்கு 'தேசி', இருவருக்கும் மேலே ஷப்துருங். 1627இல் கசெல்லா, கப்ரால் என்ற இரண்டு போர்த்துகீசிய ஏசுசபைப் பாதிரியார்கள் அவ்வழியே போனபோது அவரைச் சந்தித்திருக்கிறார்கள். நல்லபடியாக உபசரித்தார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

நாட்டின் பெயரும் இந்தப் பிரிவிலிருந்து வந்ததுதான். பூட்டானியர் தங்கள் நாட்டைப் பூட்டான் என்று சொல்வதில்லை. 'துருக் யூல்' என்கிறார்கள். துருக் என்றால் இடிமுழக்கும் யாளிநாகம். டிராகன் என்று நாம் சொல்வது. கொடியில் வெள்ளையாக நெளிந்து கிடப்பது அதுதான். கட்டுரையில் 'இடிமுழக்க டிராகனின் நாடு' என்று எழுதினால் தவறில்லை.

ஐம்பது வருட ரகசியம்

1651இல் ஷப்துருங் இறந்துபோனார். ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. 'அவர் நீண்ட தவத்தில் இருக்கிறார், யாரையும் பார்க்கமாட்டார்' என்று அறிவித்தார்கள். புனாக்கா கோட்டையில் அவர் அறைக்கு உணவு போனது. அவர் பெயரில் ஆணைகள் வந்தன. இப்படியே ஏறத்தாழ ஐம்பது வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது சிரிப்பு வந்தது. "பிரின்சிபல் மீட்டிங்ல இருக்காருன்னு சொல்ற மாதிரியா டீச்சர்?" என்று கேட்டான் ஒருவன்.

சிரிக்கலாம். ஆனால் காரணத்தை யோசித்துப் பாருங்கள். நாடு ஒன்றான பிறகு ஒரு தலைமுறைகூட முடியவில்லை. ஒட்டிவைத்திருந்த பசையே அந்த ஒரு மனிதர்தான். அவர் இல்லை என்று தெரிந்தால் வடக்கே திபெத் காத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே பழைய பள்ளத்தாக்குத் தலைவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். பொய் சொல்லித்தான் காலத்தை வாங்கினார்கள். அந்த ஐம்பது வருடத்தில் கோட்டைகளும் வரிமுறையும் சட்டமும் வேர்விட்டன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உண்மை வெளிவந்தபோது நாடு சிதறவில்லை. ஆனால் 'அடுத்த ஷப்துருங் யார்' என்ற சண்டை தொடங்கிவிட்டது. அவருடைய உடல், வாக்கு, மனம் ஆகிய மூன்றும் தனித்தனியாக மறுபிறவி எடுக்கும் என்ற நம்பிக்கை வேறு. ஆளாளுக்கு ஒரு மறுபிறவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தேசிகள் மாறினார்கள். சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் விரட்டப்பட்டார்கள். அந்தப் பட்டியல் நமக்கு வேண்டாம்.

வாசல்கள் பறிபோன கதை

பூட்டானின் தெற்கு எல்லையில் மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடத்துக்குத் 'துவார்' என்று பெயர். வாசல் என்று பொருள். நம்முடைய துவாரபாலகரில் இருக்கும் அதே துவாரம்தான். மொத்தம் 18 வாசல்கள். நெல் விளையும் வளமான மண். மலையில் இருப்பவர்களுக்கு அதுதான் சோற்றுக்களஞ்சியம்.

1772இல் கூச் பிகார் அரசுரிமைச் சண்டையில் பூட்டான் தலையிட்டது. எதிர்த்தரப்பு கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. முதல் மோதல் அங்கேதான். பஞ்சென் லாமா எழுதிய சமாதானக் கடிதத்தின் பேரில் 1774இல் உடன்படிக்கை ஆயிற்று. அதே வருடம் ஜார்ஜ் போகிள் என்ற ஆங்கிலேயத் தூதர் பூட்டான் வழியாகத் திபெத்துக்குப் போனார். போகிற வழியில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டே போகும்படி அவருக்கு உத்தரவு. இன்று பூட்டானியர் பாலாடைக்கட்டியோடு உருளைக்கிழங்கைச் சமைத்து 'கேவா தாட்சி' என்று சாப்பிடுகிறார்கள். மிளகாயையே காய்கறியாகப் போட்டுச் சமைத்தால் அது 'ஏமா தாட்சி'.

பிறகு பிரிட்டிஷார் அசாமைப் பிடித்தார்கள். துவார்களில் யாருக்கு உரிமை என்ற தகராறு வருடக்கணக்கில் நீண்டது. 1841இல் அசாம் பக்கத்து வாசல்கள் போயின. 1864இல் ஆஷ்லி ஈடன் என்ற தூதர் பேச்சுவார்த்தைக்குப் புனாக்கா போனார். அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்து, முகத்தில் ஈரமாவைப் பூசி, கட்டாயக் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். தூதரை அவமதித்தால் என்ன ஆகும் என்று நம் பழைய கதைகளே சொல்லும். அவ்வருடக் கடைசியில் போர் வந்தது. திரோங்சாவின் ஆளுநர் ஜிக்மே நம்கியால் திவாங்கிரியில் பிரிட்டிஷ் படையைப் பின்வாங்கச் செய்தார். ஆனால் பீரங்கிக்கு முன் வில்லும் வாளும் எவ்வளவு நாள் தாங்கும்? 1865 நவம்பர் 11ஆம் தேதி சின்சுலா உடன்படிக்கை. மிச்சமிருந்த துவார்களும் பறிபோயின. பதிலுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை பிரிட்டிஷ் அரசு கொடுக்கும். அந்த மண்ணில் பிறகு வரிசைவரிசையாகத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. தோட்டப்புறக் கதை தெரிந்த நமக்கு அங்கே யார் லாபம் பார்த்திருப்பார்கள் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஜிக்மே நம்கியாலின் மகன்தான் உக்யென் வாங்சுக். அப்பா பிரிட்டிஷாரோடு சண்டை போட்டார், மகன் சமரசம் பேசினார். 1885இல் சாங்லிமித்தாங் போரில் உள்நாட்டுப் போட்டியாளர்களை வென்றார். அந்தப் போர்க்களம் இன்று தலைநகர் திம்புவின் விளையாட்டரங்கம். 1904இல் பிரிட்டிஷ் படை திபெத்துக்குள் நுழைந்தபோது நடுவராகக் கூடவே லாசா வரை போனார். அந்த நல்லெண்ணம் கைகொடுத்தது. 1907 டிசம்பர் 17ஆம் தேதி புனாக்கா கோட்டையில் துறவிகளும் ஆளுநர்களும் அதிகாரிகளும் கூடி அவரைப் பரம்பரை மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றும் அந்நாள்தான் அவர்களுடைய தேசிய தினம். ஆக, பூட்டானின் முடியாட்சிக்கு நூற்றுச் சொச்சம் வயதுதான். 'பன்னெடுங்காலமாக மன்னர்கள் ஆண்ட நாடு' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள், அது சரியல்ல.

1910இல் இன்னோர் உடன்படிக்கை. உள்நாட்டு விவகாரத்தில் பிரிட்டன் தலையிடாது. வெளியுறவில் பூட்டான் பிரிட்டனின் ஆலோசனைப்படி நடக்கும். ஆண்டுத்தொகை ஒரு லட்சம் ரூபாய். பிரிட்டிஷார் போனபின் 1949இல் சுதந்திர இந்தியா ஏறக்குறைய அதே வாசகத்தோடு கையெழுத்திட்டது. தொகை ஐந்து லட்சமாயிற்று. திவாங்கிரிப் பகுதியில் 32 சதுர மைல் திரும்பக் கிடைத்தது. வெளியுறவு பற்றிய அந்த வாசகம் 2007இல்தான் மாற்றப்பட்டது.

பக்கத்து வீட்டில் நடந்தது

இனிமேல் சொல்லப்போவதை விட்டுவிட்டால் அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

பூட்டானுக்கு மேற்கே சிக்கிம் என்று இன்னொரு புத்த மலையரசு இருந்தது. 1642இல் யுக்சோம் என்ற இடத்தில் மூன்று லாமாக்கள் கூடிப் புன்சோக் நம்கியாலுக்கு முடிசூட்டினார்கள். ஷப்துருங் வாழ்ந்த அதே காலம். ஒரே சமயம், திபெத்திய மரபு, இதே மாதிரி மலை. பிரிட்டிஷ் காலத்தில் சிக்கிம் இன்னும் இறுக்கமாக அவர்கள் கைக்குள் போனது. 1835இல் டார்ஜிலிங் பிரிட்டிஷாருக்குப் போயிற்று. 1889இலிருந்து பிரிட்டிஷ் அரசியல் அதிகாரி ஒருவர் தலைநகரிலேயே உட்கார்ந்துகொண்டார். உழவு வேலைக்காக நேப்பாளத்திலிருந்து ஏராளமானோர் வந்து குடியேற, அரசகுடும்பத்தைச் சேர்ந்த புத்த சமயத்தார் தங்கள் நாட்டிலேயே சிறுபான்மையானார்கள். 1950 உடன்படிக்கையின்படி பாதுகாப்பும் வெளியுறவும் போக்குவரத்துத் தொடர்பும் இந்தியாவின் பொறுப்பு.

பெரும்பான்மை மக்களுக்கு நியாயமான குறை இருந்தது. வாக்குரிமை சமமாக இல்லை. 1973இல் கிளர்ச்சி வெடித்தது. 1974 தேர்தலில் மன்னருக்கு எதிரான கட்சி 32 இடங்களில் 31ஐப் பிடித்தது. 1975 ஏப்ரல் 9ஆம் தேதி இந்தியப் படை அரண்மனைக் காவலர்களின் ஆயுதங்களைப் பறித்தது. ஐந்தே நாளில் வாக்கெடுப்பு. மே 16ஆம் தேதி சிக்கிம் இந்தியாவின் 22ஆவது மாநிலம். 333 வருட முடியாட்சி முடிந்தது. கடைசி மன்னர் பால்டென் தொண்டுப் நம்கியால் 1982இல் நியூயார்க்கில் இறந்தார். இணைப்பு சரியா தவறா என்று இன்றும் வாதாடுகிறார்கள். மக்கள் விரும்பினார்கள் என்பதும் உண்மை, படை நுழைந்த பிறகுதான் வாக்கெடுப்பு நடந்தது என்பதும் உண்மை.

பூட்டான் இதையெல்லாம் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே 1959இல் வடக்கே திபெத் சீனாவின் பிடிக்குள் முழுதாகப் போனதையும் பார்த்தாயிற்று. நூற்றாண்டுகளாக அரிசி கொடுத்து உப்பும் கம்பளியும் வாங்கிய வடக்கு வழியை 1960இல் பூட்டானே அடைத்தது.

ஆனால் பூட்டானில் ஒரு வேறுபாடு இருந்தது. 1952இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் முன்யோசனைக்காரர். 1953இல் தேசிய மன்றம் அமைத்தார். கொத்தடிமை முறையை ஒழித்தார். 1958இல் இந்தியப் பிரதமர் நேரு வந்தார். அப்போது நாட்டில் மோட்டார் சாலையே கிடையாது. சிக்கிம் வழியாகத் திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கைக் கடந்து குதிரையிலும் எருதுமாதிரியான யாக்கிலும் நடந்துமாகத்தான் பாரோ வந்து சேர்ந்தார். பூட்டான் சுதந்திர நாடாகவே இருக்க வேண்டும் என்று அங்கே மக்கள் முன் பேசினார். அந்த வார்த்தையைப் பூட்டான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வாசலாகத் தட்டி உலகத்துக்குள் நுழைந்தது. 1962இல் கொழும்புத் திட்டம். நம் நாடும் அதில் உறுப்பினர். 1969இல் உலக அஞ்சல் சங்கம். 1971 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபை. சிக்கிமுக்குக் கிடைக்காத நாற்காலி இது. உலகமே பார்க்கும்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைச் சத்தமில்லாமல் தூக்கிவிட முடியாது.

அஞ்சல்தலையைக்கூட விட்டுவைக்கவில்லை. 1960களில் முப்பரிமாணப் படம் போட்ட தலைகள், 1972இல் இசைத்தட்டு மாதிரி ஓடவிட்டால் பாட்டுக் கேட்கும் தலைகள். காசும் வந்தது, பூட்டான் என்ற பெயரும் சேகரிப்போர் வீட்டு ஆல்பங்களில் போய் உட்கார்ந்தது.

மகிழ்ச்சி வந்தது, கூடவே இதுவும்

1972இல் நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்தார். 'மொத்த உள்நாட்டு உற்பத்தியைவிட மொத்தத் தேசிய மகிழ்ச்சி முக்கியம்' என்ற கருத்து 1970களில் அவரிடமிருந்து வந்தது. இது வெறும் விளம்பரம் என்று சொல்லமாட்டேன். நான்கு தூண்கள், ஒன்பது துறைகள் என்று பிரித்து, வீடுவீடாகப் போய்க் கேட்டு அளக்கிறார்கள். நன்றாகத் தூங்குகிறீர்களா, அக்கம்பக்கத்தாரை நம்புகிறீர்களா என்பதுவரை கேள்வி உண்டு. நிலப்பரப்பில் குறைந்தது 60 விழுக்காடு என்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 2011இல் பூட்டான் கொண்டுவந்த தீர்மானத்தின் தொடர்ச்சியாகத்தான் மார்ச் 20 உலக மகிழ்ச்சி நாளாயிற்று.

ஆனால் 'மகிழ்ச்சியை அளக்கும் நாடு' என்பதும் 'மிக மகிழ்ச்சியான நாடு' என்பதும் வேறு வேறு. 2019இன் உலக மகிழ்ச்சி அறிக்கையில் பூட்டானின் இடம் 95. எடை பார்ப்பவர்கள் எல்லாரும் ஒல்லியாக இருப்பார்கள் என்று சொல்ல முடியுமா? என் குறிப்புத்தாளில் நடந்த தவறு இதுதான்.

இப்போது அந்தப் பையனின் கேள்வி.

பூட்டானின் தெற்குப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே நேப்பாளி பேசுவோர் வந்து காட்டைத் திருத்தி உழுது குடியிருந்தார்கள். பெரும்பாலோர் இந்துக்கள். 'லோத்சம்பா' என்று பெயர். தெற்கத்தியர் என்று பொருள். 1958 சட்டம் அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. சிக்கிம் போனபின் ஆட்சியாளர்கள் அவர்களைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. அங்கே நடந்தது இங்கேயும் நடக்குமோ என்ற பயம். 1985இல் குடியுரிமைச் சட்டத்தை இறுக்கினார்கள். 1958இலேயே பூட்டானில் இருந்ததற்குச் சான்று வேண்டும். 1988இல் தெற்கே மட்டும் கடுமையான கணக்கெடுப்பு. முப்பது வருடத்துக்கு முந்திய வரி ரசீதைக் காட்டு என்றார்கள். நம் வீட்டில் முப்பது வருடத்துக்கு முந்திய தண்ணீர்க் கட்டண ரசீது இருக்கிறதா? ஆட்களை ஏழு வகையாகப் பிரித்தார்கள். ஒரே வீட்டில் கணவன் ஒரு வகை, மனைவி இன்னொரு வகை.

1989இல் இரண்டு காரியம் நடந்தது. பொது இடங்களில் எல்லாரும் வடக்கத்தியரின் உடையையே உடுத்த வேண்டும் என்ற விதி வந்தது: ஆணுக்குக் 'கோ', பெண்ணுக்குக் 'கிரா'. பள்ளிகளில் நேப்பாளி மொழிப்பாடம் நிறுத்தப்பட்டது.

இந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கால அட்டவணையில் தமிழுக்கு ஒரு பாடவேளை வாங்க நாம் என்ன பாடுபடுகிறோம், பள்ளி முடிந்தபின் பசியோடு பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தெற்குப் பூட்டான் பள்ளிகளிலும் ஒரு மொழியாசிரியர் இருந்திருப்பார். ஒருநாள் அவருடைய பாடம் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அந்த நாட்டைத்தான் நான் மகிழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக, ஒரு மறுவார்த்தை இல்லாமல், தமிழ்ப் பிள்ளைகளுக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

1990இல் தெற்கே ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. சில இடங்களில் வன்முறையும் நடந்தது. அதன்பின் கைதுகள், பள்ளிகள் மூடல், வெளியேற்றம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேப்பாளத்தின் கிழக்கே ஜாப்பா, மொராங் மாவட்டங்களில் ஏழு முகாம்களில் போய் விழுந்தார்கள். அன்றைய மக்கள் தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அவர்கள் சட்டவிரோதமாக வந்தவர்கள், பலர் தாங்களாகவே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது பூட்டான் அரசின் தரப்பு. மிரட்டி வாங்கிய கையெழுத்து என்பது போனவர்களின் தரப்பு. இரண்டு அரசும் சுற்றுச்சுற்றாகப் பேசியும் அவர்கள் ஊர் திரும்பவில்லை. 2007க்குப் பிறகு அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலான எட்டு நாடுகள் ஏறத்தாழ 113,000 பேரை ஏற்றுக்கொண்டன. பெரும்பாலோர் அமெரிக்காவுக்குப் போனார்கள். முகாமில் இன்னும் சில ஆயிரம் பேர் மிச்சம்.

நியாயப்படுத்துவதற்காகச் சிக்கிம் கதையைச் சொல்லவில்லை. காரணம் தெரிய வேண்டும் என்றுதான் சொன்னேன். ஒரு சிறிய நாடு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பயந்தது. அந்தப் பயம் அந்த நாட்டுக்குள்ளேயே இருந்த இன்னொரு சிறிய கூட்டத்தின் தலையில் விடிந்தது.

அதே நான்காம் மன்னர்தான் 1999இல் தொலைக்காட்சியையும் இணையத்தையும் அனுமதித்தார். 'என்றைக்கும் நல்ல மன்னரே கிடைப்பார் என்று என்ன நிச்சயம்' என்ற எண்ணத்தில், யாரும் கேட்காதபோதே அதிகாரத்தைக் கைவிட்டு, 2006இல் பட்டத்திலிருந்தும் விலகினார். வாக்களித்துப் பழக்கமில்லாத மக்களுக்காக 2007இல் கற்பனைக் கட்சிகளை வைத்து ஒத்திகைத் தேர்தலே நடத்தினார்கள். 2008 மார்ச்சில் உண்மைத் தேர்தல், ஜூலையில் அரசியலமைப்புச் சட்டம், நவம்பரில் ஐந்தாம் மன்னருக்கு முடிசூட்டு விழா. வெளியேற்றியதும் இதே ஆட்சி, அதிகாரத்தைக் கொடுத்ததும் இதே ஆட்சி. ஒன்றை எழுதி மற்றதை மறைக்காதீர்கள்.

கட்டுரையில் எப்படி எழுதலாம்?

எஸ்.பி.எம். மாணவர்களுக்கு: பூட்டானை எடுத்துக்காட்டாகத் தாராளமாக எழுதுங்கள். 'உலகிலேயே' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். 'நாட்டின் வளர்ச்சியை மக்களின் மகிழ்ச்சியைக் கொண்டு அளக்க முயலும் நாடு' என்று எழுதினால் யாரும் மறுக்க முடியாது. தலைப்பு சுற்றுச்சூழல் என்றால் 60 விழுக்காட்டுக் காடு போதும். தாய்மொழி அல்லது சிறுபான்மையினர் பற்றிய தலைப்பு என்றால் 1989. ஒரே நாடு இரண்டு தலைப்புக்கும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து உதவும். 'பூட்டான்', 'பூடான்' இரண்டும் வழக்கில் உண்டு; ஒரே கட்டுரையில் ஒன்றையே எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு: ஷப்துருங்கின் மரணத்தை மறைத்த பகுதியை வாய்மொழிப் பயிற்சிக்குக் கொடுத்துப் பாருங்கள். 'நாட்டைக் காக்கப் பொய் சொல்லலாமா?' என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதும். என் வகுப்பில் மணி அடித்தபிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் ஒரு மாலை வகுப்பில் சொன்னேன். பழைய குறிப்புத்தாளில் தவறு இருந்ததையும் சொன்னேன். கட்டுரையைத் திரும்ப எழுதிக் கொண்டுவந்தான். அந்தப் பத்தி இப்படி இருந்தது: 'பூட்டான் மக்களின் மகிழ்ச்சியை அளந்து ஆட்சி செய்யும் நாடு. 1616இல் நவாங் நம்கியால் அங்கே வந்தபோது அவரும் ஓர் அகதிதான். ஆனால் அந்த நாட்டிலிருந்து அகதியாகப் போனவர்களை யாரும் அளக்கவில்லை.'

'நவாங்' என்பதை மட்டும் 'ஙவாங்' என்று திருத்தினேன்.